கரண்ட் பில்லைக் குறைக்க முதலில் கூரையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மின்கட்டணத்தைக் குறைக்கும் வழிகள் என்று தங்கள் பத்திரிகையில் வந்த குறிப்பைப் படித்தேன். ஆளில்லாத அறையில் விளக்கை அணைப்பது, குளிர்சாதனப் பெட்டியை அடிக்கடி திறக்காமல் இருப்பது, எல்.ஈ.டி. பல்பு போடுவது எல்லாம் சரியான விடயங்கள்தான். ஆனால் வைகாசி, ஆனியில் திருகோணமலை வீடொன்றுக்குள் மத்தியானம் இருந்து பார்த்த ஒருவர் எழுதியிருந்தால் கூரையைப் பற்றி ஒரு வரியாவது வந்திருக்கும். அந்த ஒரு வரியைச் சேர்க்கத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓடாவி. இளவயதிலிருந்து கூரை வேலைதான். உப்புவெளி, சாம்பல்தீவு, தம்பலகாமம், மூதூர்ப் பக்கமெல்லாம் ஓட்டுக்கூரை, சீற்றுக்கூரை, தகரக்கூரை என்று போட்டிருக்கிறேன். எந்த வீட்டுக்குள் மத்தியானம் உட்கார முடியும், எந்த வீட்டில் சனம் மாமரத்துக்குக் கீழே பாய் போடும் என்று முகட்டைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

முதலில் பில்லைப் பார்ப்போம். 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் மறுபடி 66 சதவீதம். பிறகு ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. 2025 ஜனவரியில் 20 சதவீதம் குறைத்தார்கள், ஜூனில் 15 சதவீதம் கூட்டினார்கள். இந்தக் கட்டண முறையில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மாதத்துக்கு 60 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. முதல் யூனிட்டிலிருந்தே வேறு விலைப் பட்டியலுக்குப் போய்விடுகிறோம், நிலையான கட்டணமும் ஏறுகிறது. சாதாரண சீலிங் பேன் ஒன்று 75 வாட் அளவில் இழுக்கும். ஒரு நாளைக்கு 12 மணித்தியாலம் சுழன்றால் மாதத்துக்கு 27 யூனிட். இரண்டு பேன் என்றால் 54. மிச்சமிருக்கும் 6 யூனிட்டுக்குள் விளக்கு, தொலைக்காட்சி, போன் சார்ஜ், குளிர்சாதனப் பெட்டி எல்லாம் அடங்குமா? வெக்கைக் காலத்தில் 12 மணித்தியாலத்தோடு எந்த வீட்டில் பேனை நிறுத்துகிறார்கள்? ஆகவே விளக்கை அணைத்து மிச்சம் பிடிப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் பில்லின் பெருந்துண்டு வீட்டுக்குள் இறங்குகிற வெக்கைக்காக நாம் கட்டுவது.

அந்த வெக்கை எங்கிருந்து வருகிறது? நமது ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டரைப் பாகையில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஒரு தடவை, ஆகஸ்ட் கடைசியில் ஒரு தடவை சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களிலும் உச்சியை விட்டு அதிகம் விலகுவதில்லை. மத்தியான வெயிலில் சுவர் வாங்குவது கொஞ்சம், கூரை வாங்குவதுதான் எல்லாம். வெயிலில் கிடக்கும் தகரம் 60 பாகையையும் தாண்டிச் சூடேறும். சீலிங் இல்லாத வீட்டில் அந்தத் தகரம் நேரே நம் தலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பேன் அந்தச் சூட்டுக் காற்றையே சுற்றிச் சுற்றி நம் மேல் வீசும்.

அதோடு கச்சான் காற்று. தென்மேற்கிலிருந்து வரும் காற்று மேற்கே மழையைக் கொட்டிவிட்டு, மலையிலிருந்து நம் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடேறி வருகிறது. பலமாக அடிக்கிற நாளில் கடற்காற்று கரைக்குள் நுழையவே முடியாது.

லண்டனில் இருக்கும் என் மகள் வீட்டில் பிரச்சினை நேர் எதிர். அவர்கள் காசு கொடுத்து வீட்டைச் சூடாக்குகிறார்கள், அந்தச் சூடு வெளியே ஓடிவிடுகிறது. காப்பு எதுவும் போடாத வீட்டில் கால்வாசிச் சூடு கூரை வழியாகவும், மூன்றில் ஒரு பங்கு சுவர் வழியாகவும் போய்விடும் என்பது அங்கே பொதுவாகச் சொல்லும் கணக்கு. அதனால் முகட்டுக்குள் 270 மில்லிமீற்றர் தடிப்பில் பஞ்சு மாதிரி ஒன்றை விரிக்கிறார்கள், கதவு இடுக்கு, யன்னல் இடுக்கு, கடிதம் போடும் துவாரம் கூட விடாமல் அடைக்கிறார்கள். நமக்குச் சூடு வேண்டுமென்றால் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு இருக்கிறது என்று மகளிடம் சொல்லிச் சிரிப்பேன். ஆனால் அவள் சொன்ன விடயத்தில் ஒன்று உறைத்தது. அவர்கள் புது ஹீட்டர் வாங்கும் முன்பு முகட்டை அடைக்கிறார்கள். நாம் முகட்டைத் திறந்து போட்டுவிட்டு ஏசி வாங்குகிறோம்.

அந்தப் பஞ்சை இங்கேயும் கொண்டுவந்து விரிக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். விரித்தால் பலன் உண்டு. ஆனால் நம் ஊரில் அதைவிட மலிவானது வெள்ளித்தாள், அதாவது பளபளக்கும் அலுமினியத் தாள். காரணம் இதுதான். அவர்கள் வீட்டில் சூட்டுக் காற்று கீழிருந்து மேலே போகிறது. அதை மறிக்கத் தடிப்பு வேண்டும். நம் வீட்டில் சூடு மேலிருந்து கீழே வருகிறது. சூட்டுக் காற்று கீழே இறங்காது, முகட்டிலேயே நிற்கும். அப்படியிருந்தும் நாம் வேகுவது கூரை விடும் வெப்பக் கதிரால். பளபளப்பான அலுமினியம் அந்தக் கதிரில் 95 சதவீதம் அளவுக்குத் திருப்பிவிடும், தான் சூடேறினாலும் கதிராகக் கீழே விடுவது மிகக் குறைவு.

இந்த வெள்ளித்தாளை இப்போது பல வீடுகளில் அடிக்கிறார்கள். பாதி வீடுகளில் பிழையாக அடிக்கிறார்கள். சீற்றோடு ஒட்டி இழுத்து அடித்தால் சூடு தொட்டே கடந்துவிடும். தாளுக்கு ஒரு பக்கமாவது ஒரு அங்குலத்துக்குக் குறையாமல் காற்று இடைவெளி வேண்டும். கூரையைத் தாங்கும் கைமரங்களுக்கு நடுவே கொஞ்சம் தொய்ய விட்டால் அந்த இடைவெளி தானாக வந்துவிடும். ஒரு பக்கம்தான் பளபளப்பு என்றால் அந்தப் பக்கம் கீழே பார்க்க வேண்டும். மேலே பார்த்தால் ஒன்றிரண்டு வருடத்தில் தூசி படிந்து வெறும் தாளாகிவிடும். வீட்டின் இரண்டு முனையிலும் உள்ள முக்கோணச் சுவரில் முகட்டை ஒட்டிக் காற்றுத் துவாரம் வையுங்கள், அங்கே தேங்கும் சூடு வெளியேறட்டும். பறவை நுழையாமல் வலை அடித்தால் போதும். இன்னொன்று, அலுமினியம் மின்சாரம் கடத்தும். வயர் ஓடும் இடத்தில் பார்க்காமல் ஆணி அடிக்கக் கூடாது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வேலை செய்யச் சொல்லுங்கள்.

அதற்கும் வசதியில்லாதவர்கள் கூரைக்கு வெள்ளை அடிக்கலாம். நல்ல வெள்ளை மேற்பரப்பு வெயிலில் முக்கால்வாசியைத் திருப்பி அனுப்பும். கடையில் கூரைக்கென்றே வெள்ளைப் பெயின்ற் இருக்கிறது. முடியாவிட்டால் சுண்ணாம்பில் கொஞ்சம் வெள்ளைச் சீமெந்து கலந்து அடிக்கலாம். மாரி மழையில் கழுவுண்டு போகும், ஆகவே ஒவ்வொரு பங்குனியிலும் புதிதாக அடிக்க வேண்டும். கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடிப்பவர்கள் முதல் இரண்டு மழைத் தண்ணீரை வெளியே விட்டுவிடுங்கள். அஸ்பெஸ்டஸ் சீற்று என்றால் மிகக் கவனம். பாசியைக் கம்பித் தூரிகையால் காயக் காயச் சுரண்டவே கூடாது, அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. நனைத்து, மெல்லிய தும்புக்கட்டையால் தேய்த்துக் கழுவினால் போதும். சீற்றின் மேல் நேரே கால் வைக்காதீர்கள். பலகை போட்டு ஏற வேண்டும். பழைய சீற்று உடைந்து விழுந்து இடுப்பு முறிந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஓடு இருக்கிற வீட்டுக்காரர்கள் தயவுசெய்து அதைக் கழற்றிவிட்டுச் சீற்று போடாதீர்கள். ஓட்டு இடுக்குகளால் காற்று போகும், ஓடும் தகரம் மாதிரிக் கொதிக்காது. குரங்குத் தொல்லையால்தான் மாற்றுகிறோம் என்பார்கள். உண்மைதான், எங்கள் பக்கத்தில் குரங்கு ஒரு நாளில் உடைப்பதை நான் ஒரு நாளில் போட முடியாது. அதற்கு ஒரு நல்ல மருந்து என்னிடமும் இல்லை.

பிளாட், அதாவது கொங்கிறீற் தட்டுக் கூரை போட்ட வீடுகளின் கதை வேறு. கொங்கிறீற் பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு சில மணித்தியாலம் பிந்தித்தான் உள்ளே விடும். அதனால் மத்தியானம் பரவாயில்லாமல் இருக்கும் அறை, நாம் படுக்கப் போகிற நேரத்தில் அடுப்படியாகிவிடும். மேல்மாடி கட்டும் எண்ணத்தோடு கம்பியை நீட்டிவிட்டு அப்படியே விட்ட வீடுகள் நகரத்தில் எத்தனை! மேல்மாடி வரும்வரைக்கும் அந்தத் தட்டுக்கு மேலே ஒரு நிழல் போடுங்கள். கம்பு நட்டுக் கிடுகு வேய்ந்தாலும் சரி, தகரம் போட்டாலும் சரி, தட்டுக்கும் நிழலுக்கும் நடுவே காற்று ஓட வேண்டும். உடுப்புக் காயப்போட இடமும் கிடைக்கும்.

சுவர்களில் மேற்குச் சுவர் கெட்டது என்று எல்லாருக்கும் தெரியும். வடக்குச் சுவரை யாரும் நினைப்பதில்லை. சித்திரைப் புத்தாண்டிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை மத்தியானச் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்து நிற்கிறது, அதாவது வெக்கை உச்சத்தில் இருக்கிற மாதங்களில். வடக்குப் பார்த்த யன்னலுக்கும் தாழ்வாரம் வேண்டும். கோட்டைக்குள் இருக்கும் பழைய கட்டடங்களைப் பாருங்கள், தடித்த சுவர், உயர்ந்த கூரை, சுற்றிவர விறாந்தை. அந்த அளவுக்கு நம்மால் கட்ட முடியாது, ஆனால் சுவரில் வெயில் படாமல் பார்த்துக்கொள்ள முடியும். மேற்கே வேம்பு நட இடமுள்ளவர்கள் நடுங்கள். கிணற்றையும் அத்திவாரத்தையும் விட்டுத் தள்ளி.

கச்சான் நாட்களில் வீட்டை அகலத் திறந்து வைப்பதும் நான் பார்க்கிற ஒரு பிழை. வெளியே 35 பாகை, உள்ளே 32 என்றால் திறந்த யன்னலால் வருவது சூடுதான். காலை பத்து மணிக்கே மேற்கு, தெற்கு யன்னல்களைச் சாத்தித் திரை போட்டுவிடுங்கள். பொழுது பட்டு வெளிக்காற்று ஆறியதும் எல்லாவற்றையும் திறவுங்கள். கச்சான் காய்ந்த காற்று என்பதால் யன்னலில் ஈரச் சாக்குத் தொங்கவிட்டால் நன்றாகக் குளிரும். மாரியில் அது உதவாது, புழுக்கம்தான் கூடும். அப்புறம், பேன் ஆளைத்தான் குளிர்விக்கிறது, அறையை இல்லை. ஆளில்லாத அறையில் அது சுழல்வதால் ஒரு பலனும் கிடையாது. புதிதாக வாங்குபவர்கள் 30 வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி. பேன் கேட்டு வாங்குங்கள். விலை கூட, ஆனால் மேலே சொன்ன 54 யூனிட் 22 ஆகிவிடும்.

ஏசி வைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வயோதிபர், நோயாளி, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் அது தேவை. ஆனால் சீலிங் இல்லாத சீற்றுக் கூரைக்குக் கீழே அதைப் பூட்டுவது, உட்துறைமுகத்தைச் சிரட்டையால் இறைக்கிற வேலை. ஒரு அறையை மட்டும் தெரிவு செய்து, சீலிங்கும் வெள்ளித்தாளும் அடித்து, கதவு இடுக்கை அடைத்துவிட்டு, 26 பாகையில் விடுங்கள். ஒவ்வொரு பாகை உயர்த்தும்போதும் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று இந்திய எரிசக்தித் திணைக்களங்கள் சொல்லி வருகின்றன. மகள் வீட்டில் ஹீட்டரை ஒரு பாகை இறக்குகிறார்கள், நாம் ஒரு பாகை ஏற்றுகிறோம்.

சம்பூரில் நிலக்கரி மின்நிலையம் வரும் என்று வருடக்கணக்கில் பேசி, 2016இல் கைவிட்டு, 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்திட்டத்துக்கு அடிக்கல் வைத்தார்கள். வரட்டும், நல்லது. மின்சாரம் எங்கிருந்து வந்தாலும் என் வீட்டுக் கூரை கொதித்தால் நான்தான் யூனிட் கணக்குக்குக் காசு கட்ட வேண்டும்.

கடைசியாக, வீட்டுத்திட்டங்களுக்குப் படம் கீறுகிறவர்களுக்கு ஒரு கோரிக்கை. நான் கூரை போட்ட உதவி வீடுகள் பலவற்றில் தாழ்வாரம் ஒரு முழம் கூட வெளியே வராது. சீலிங் கணக்கிலேயே இல்லை, வீட்டுக்காரர் பிறகு போடட்டும் என்று விட்டுவிடுவார்கள். அவர் பிறகு போடுவதில்லை, பேன்தான் வாங்குகிறார். தாழ்வாரத்தை நீட்டினால் புயலில் கூரை பறக்கும் என்று காரணம் சொல்வார்கள். 2020 டிசம்பரில் புரெவி குச்சவெளிப் பக்கம் கரை கடந்தபோது நாம் எல்லாரும் பயந்ததுதான், அந்தப் பயம் நியாயமானது. ஆனால் இரண்டரை அடித் தாழ்வாரம், கைமரத்தைச் சுவர் மேல் கிடக்கும் வளையோடு இரும்புப் பட்டியால் கட்டி, சீற்றைத் தாங்கும் ஓரச் சலாகையில் ஆணிக்குப் பதில் திருகாணி போட்டால் நிற்கும். வெள்ளித்தாளும் கூரை ஏறும்போதே அடித்தால் கூலி மிச்சம். பிறகு அடிப்பதென்றால் சாரம் கட்டிப் புதிதாகத் தொடங்க வேண்டும். வீடு கிடைக்கப்போகிற குடும்பங்களும் படத்தை வாங்கிப் பார்த்து, சுவர் எழும்பும் முன்பே இவற்றைக் கேட்க வேண்டும். வளை மட்டத்துக்கு வந்த பிறகு கேட்டால் கைமரம் அளவுக்கு வெட்டி முடிந்திருக்கும், என்னைப் போன்ற ஓடாவியாலும் அதை நீட்டித் தர முடியாது.

இப்படிக்கு,
கூரை வேலை செய்யும் ஓடாவி ஒருவர்,
பாலையூற்று, திருகோணமலை.