2024–25 ஆண்டறிக்கை: வாடகைக் குடும்பங்களும் நம் குடியிருப்பும்

பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். லிப்ட் ஒப்பந்தம் புதுப்பித்தாகிவிட்டது. பி பிளாக் மொட்டைமாடி ஒழுகலைச் சரிசெய்தாகிவிட்டது. கழிவுநீர் சுத்திகரிப்பு மோட்டாரையும் மாற்றிவிட்டோம். இந்த ஆண்டு செயற்குழு அதிக நேரம் பேசியது வேறு விஷயம்: இங்கே வாடகைக்கு இருக்கும் குடும்பங்களைப் பற்றி.

அக்டோபர் நடுவில் சென்னைக்கு ரெட் அலர்ட் வந்தபோது, வேளச்சேரி மேம்பாலத்தில் ஜனங்கள் வரிசையாகக் காரை நிறுத்தியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அன்று இரவு நம் பேஸ்மென்டில் தண்ணீர் இறங்காமல் சரிவுப் பாதையில் மணல் மூட்டை அடுக்கியவர்கள், சி பிளாக்கில் வாடகைக்கு இருக்கும் மூன்று இளைஞர்கள். "பேச்சிலர்களுக்கு வீடு கொடுக்காதீர்கள்" என்று போன வருடம் நமக்கு மனு வந்ததே, அந்த மனுவில் இருந்த அதே பையன்கள்தான். நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலன்றும் ஜெனரேட்டருக்கு டீசல் கேனைத் தூக்கி வந்தது அவர்கள்தான். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் உரிமையாளர்களின் கார்கள் நனையாமல் தப்பியதற்கு இவர்களும் ஒரு காரணம். அவர்களுக்கு இந்தச் சபையின் நன்றியைப் பதிவு செய்கிறேன்.

பொங்கல் கோலப் போட்டியன்று நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஏ பிளாக் வாசலில் ஒரு அம்மா கோலமாவு டப்பாவோடு தூணோரம் நின்றிருந்தார். "ஏன் நீங்க போடலையா?" என்று கேட்டேன். "நாங்க வாடகைக்குத்தான்மா இருக்கோம், போடலாமா?" என்றார். இரண்டு வருடமாக மாதம் தவறாமல் பராமரிப்புக் கட்டணம் கட்டும் வீடு அது. அப்புறம் நம் நோட்டீஸை எடுத்துப் படித்தேன். "உறுப்பினர்கள் கலந்துகொள்ளலாம்" என்று இருந்தது. எழுதியது நான்தான். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் போட்ட பதினைந்து புள்ளிச் சிக்குக் கோலம் மூன்று நாள் அழியாமல் இருந்தது.

அட்வான்ஸ் தகராறு இந்த ஆண்டும் வந்தது. ஊரில் பத்து மாத அட்வான்ஸ் பழகிப்போனது. ஆனால் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கும் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். பதினோரு மாத ஒப்பந்தம்தானே என்று யாரும் விட்டுவிட வேண்டாம். எழுத்து ஒப்பந்தமும் வாடகை அதிகாரியிடம் பதிவும் அதற்கும் உண்டு. நம் தகராறில் பெயிண்ட், ஆணி ஓட்டை, வார்ட்ரோப் கீல் என்று பிடித்தம் கூடிக்கொண்டே போனது. குடிவந்த நாளில் எடுத்த போட்டோ இரு தரப்பிடமும் இல்லை. பலமுறை பேசித்தான் முடிந்தது. அதனால் ஃபேன், கீசர், குழாய், ஈ.பி. மீட்டர் ரீடிங் எல்லாம் குறித்து, போட்டோவோடு இரு தரப்பும் கையெழுத்திடும் ஒரு தாளை அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். வீட்டைக் கொடுப்பவர்கள் தயவுசெய்து பயன்படுத்துங்கள். ஒரு மணி நேர வேலைதான்.

இன்னொன்று. உரிமையாளர் பாக்கி வைத்த ஒரு வீட்டில் தண்ணீரை நிறுத்தலாம் என்று செயற்குழுவிலேயே பேச்சு வந்தது. அந்த வீட்டில் இருந்ததோ வாடகைக் குடும்பம், கைக்குழந்தையோடு. பாக்கி அவர்களுடையது அல்ல. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசியங்களைத் தடுக்கச் சட்டமும் இடம் தரவில்லை. அந்த யோசனையைக் கைவிட்டோம். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்கு ராத்திரி ஒரு மணிக்குக் கேட்டில் காத்துக்கிடந்த நமக்கு, தண்ணீர் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாக்கியை உரிமையாளரிடம் எழுத்து மூலம் கேட்டு வருகிறோம்.

சபையின் ஒப்புதலுக்கு மூன்று முன்மொழிவுகள். பிளாக்குக்கு ஒரு வாடகைதாரர் சிறப்பு அழைப்பாளராகச் செயற்குழுவில் உட்காரட்டும். துணைவிதிப்படி ஓட்டு உரிமையாளர்களிடமே இருக்கும், பேச்சு அவர்களுக்கும் இருக்கட்டும். அடுத்து, சாமான் ஏற்றி இறக்க ஞாயிற்றுக்கிழமையும் அனுமதிக்க வேண்டும், ஐ.டி. வேலையில் இருப்பவர்களுக்கு அன்றுதான் லீவு. குடிவரும்போது வாங்கும் திரும்பாத கட்டணத்தையும் நிறுத்திவிட்டு, லிப்ட் சேதத்துக்கு மட்டும் திருப்பித்தரும் ஒரு தொகையை வாங்கிக்கொள்ளலாம்.

பேச்சிலர், சாப்பாட்டுப் பழக்கம் பற்றிய நிபந்தனைகளைச் சங்கத்தின் பெயரில் போடச் சொல்லி வந்த மனுக்களைச் செயற்குழு ஏற்கவில்லை. இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இங்கேயே எழுந்து பேசலாம்.

மழை நாட்களில் வீட்டுக்குப் போகாமல் இங்கேயே படுத்துக் கிடந்த செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் ஊழியர்களுக்கு நன்றி. முன்மொழிவுகளை ஒவ்வொன்றாக ஓட்டுக்கு விடுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்