எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லாதே மச்சான்

திருகோணமலை

அன்பின் மச்சான்,

நலம், நலமறிய ஆவல். அம்மாவுக்கு மூட்டு வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. கன்னியா வெந்நீரூற்றுக்குக் கூட்டிப்போ என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறா, வெயில் தணியட்டும் என்று நான்தான் தள்ளிப் போடுகிறேன். கச்சான் காற்று சுடச்சுட அடிக்கிறது. பின்னேரம் ஆனால்தான் சனம் வெளியே வருகிறது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வெளிநாட்டுக்காரர் நிறையப் பேர். கோட்டைக்குள் மான்கள் நிழலைத் தேடிப் படுத்துக் கிடக்கின்றன. கோணேசர் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் உன் நினைவு வருகிறது.

சரி, வாசிகசாலை விஷயத்துக்கு வருகிறேன். ஆண்டு விழாத் திகதி மாறியதும் நீ ரொறன்ரோவில் இருந்தபடியே புதுப் போஸ்டரை இணையத்தளத்தில் ஏற்றிவிட்டாய். உனக்குப் புதுத் திகதி தெரிகிறது, இங்கே வாசிகசாலைக் கணினியில் பழையதுதான் நிற்கிறது. உடனே நீ ஃபோன் எடுத்து, அங்கே பொறுப்பாக இருக்கிற பிள்ளையிடம் பிரவுசரில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னாய். கொன்ட்ரோல், ஷிஃப்ட், டிலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தினாள், பெட்டி திறந்தது, இருந்த கட்டம் எல்லாவற்றிலும் சரி போட்டாள். புதுப் போஸ்டர் வந்தது உண்மைதான். ஆனால் வாசிகசாலையின் மின்னஞ்சல் கணக்கு லொக்-அவுட் ஆகிவிட்டது, அதன் பாஸ்வேர்டும் பிரவுசரில்தான் சேமித்திருந்ததாம். உயர்தரப் பிள்ளைகள் பழைய வினாத்தாள்களைத் தேடிப் போன பக்கங்களின் வரலாறும் போய்விட்டது. அடுத்த நாள் அந்தப் பிள்ளை எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாள். பாவம், தன்னால்தான் எல்லாம் பிழைத்தது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

அந்தப் பெட்டியில் இருப்பவை எல்லாம் ஒன்றல்ல. நீ போன பக்கங்களின் பட்டியல் ஒன்று. குக்கீ இன்னொன்று, நீ யார் என்று தளங்கள் ஞாபகம் வைத்திருப்பது அதனால்தான், அதை அழித்தால் உள்ளே நுழைந்திருந்த இடங்களில் இருந்தெல்லாம் வெளியே வந்துவிடுவாய். சேமித்த பாஸ்வேர்டுகள் வேறு. பழைய போஸ்டர் ஒளிந்திருந்தது கேஷில் மட்டும், அதாவது ஒருமுறை இறக்கிய படங்களைத் திரும்ப இறக்காமல் காட்டப் பிரவுசர் சேர்த்து வைக்கிற இடத்தில். குரோமிலும் எட்ஜிலும் அதற்கு 'கேஷ்ட் இமேஜஸ் அண்ட் ஃபைல்ஸ்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. பயர்ஃபொக்ஸிலும் தற்காலிக ஃபைல்களுக்கு என்று தனிக் கட்டம் உண்டு. அதில் மட்டும் சரி போட்டு, மற்றதை எல்லாம் எடுத்துவிட்டு, மேலே உள்ள கால அளவை 'ஆல் டைம்' என்று, பயர்ஃபொக்ஸில் என்றால் 'எவ்ரிதிங்' என்று, வைத்தால் போதும். ஒரு மணித்தியாலம் என்று விட்டுவிட்டால் பழையது தங்கிவிடக்கூடும்.

அதுகூட அன்றைக்குத் தேவைப்பட்டிருக்காது. போஸ்டர் இருக்கிற பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கொன்ட்ரோலும் எஃப் 5-உம் அழுத்தியிருந்தால், அந்தப் பக்கத்தை மட்டும் கேஷைப் பாராமல் புதிதாக இறக்கியிருக்கும். வெறும் எஃப் 5 போதாது. குரோம் அப்போது பக்கத்தை மட்டும் சேர்வரிடம், அதாவது தளத்தை வைத்திருந்து அனுப்புகிற கணினியிடம், மறுபடி கேட்கும், உள்ளே இருக்கிற படங்களுக்குக் கெடு முடியாவிட்டால் வைத்திருப்பதையே காட்டிவிடும்.

அந்தக் கெடுவைக் குறிப்பது உன் சேர்வர். ஒவ்வொரு ஃபைலையும் அனுப்பும்போது, இதை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்று நொடிக் கணக்கில் சேர்த்து அனுப்புகிறது. 'மெக்ஸ்-ஏஜ்' என்று போட்டு 31536000 என்று எழுதியிருந்தால் அது முழுதாக ஒரு வருஷம். அந்த ஒரு வருஷமும் பிரவுசர் உன்னிடம் கேட்கத் தேவையில்லை, கையில் இருப்பதைக் காட்டிக்கொண்டே இருக்கும். கெடு முடிந்தபிறகு, என்னிடம் இருப்பது இன்னும் சரிதானா என்று கேட்கும். மாறவில்லை என்றால் சேர்வர் 304 என்று மட்டும் பதில் சொல்லும், படத்தைத் திரும்ப அனுப்பாது. எவ்வளவு டேட்டா மிச்சம் பார். வாசிகசாலைக்கு மாதா மாதம் ரீலோட் போட்டுத்தான் இணையம் ஓடுகிறது என்பது உனக்குத் தெரியும். பின்னேரம் பிள்ளைகள் வந்து குவிந்தால் ஒரு பக்கம் திறக்கவே நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் கேஷை முழுதாக அழித்தால், ஏற்கெனவே காசு கொடுத்து இறக்கியதற்கு இரண்டாவது தடவை காசு கொடுக்கிறோம். போதாததற்கு, 2020-இல் வந்த குரோம் 86-இல் இருந்து ஒவ்வொரு தளத்துக்கும் கேஷ் தனித்தனி. ஒரு தளத்துக்காக இறக்கிய எழுத்துருவை இன்னொரு தளம் எடுத்துப் பாவிக்க முடியாது.

ஆகவே மச்சான், இதை உன் பக்கத்தில் இருந்து தீர்த்துவிடு. ஒவ்வொரு தடவையும் அதே பெயரில் போஸ்டரை மேலே மேலே ஏற்றாதே. திகதி மாறினால் பெயரையும் மாற்று, கடைசியில் 2 என்றோ 3 என்றோ சேர்த்தால்கூடப் போதும். பிரவுசருக்கு அது புது ஃபைல், கட்டாயம் உன்னிடம் வந்து கேட்கும். போஸ்டரைக் காட்டுகிற பக்கத்துக்கு மட்டும் 'நோ-கேஷ்' என்று போட்டுவிடு. அப்படிப் போட்டாலும் பிரவுசர் பக்கத்தை வைத்திருக்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் உன்னிடம் விசாரித்த பிறகுதான் காட்டும். படங்களுக்கு ஒரு வருஷம், பக்கத்துக்கு நோ-கேஷ் என்று வைத்தால் இங்கே யாரும் எதையும் அழிக்க வேண்டிவராது. நூறு பேருக்கு ஃபோன் எடுத்து இதை அமத்து, அதை அமத்து என்று சொல்வதைவிட, தளத்தை நடத்துகிறவன் ஒரு தடவை கவனித்துச் செய்வதுதான் நியாயம் என்று எனக்குப் படுகிறது. நிலாவெளியில் இருந்து சைக்கிளில் வருகிற பெடியனுக்குக் கேஷ் என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. விழா எந்தத் திகதியில் என்று சரியாகத் தெரிந்தால் போதும்.

இனிமேல் யாராவது பழையது தெரிகிறது என்று சொன்னால், முதலில் பிரைவேட் விண்டோ ஒன்றைத் திறந்து பார்க்கச் சொல். குரோமில் கொன்ட்ரோல், ஷிஃப்ட், என். பயர்ஃபொக்ஸில் கடைசி எழுத்து பி. அது பழைய கேஷைத் தொடாமல் வெறுமையாகத் தொடங்கும். அதில் புதியது வந்தால் பிரச்சினை அந்தக் கணினியில். அதிலும் பழையதே வந்தால் உன் சேர்வரிலோ இடையில் பிரதி வைத்திருக்கிற சேவையிலோ தேடு, இங்கே எதை அழித்தும் பிரயோசனம் இல்லை.

மின்னஞ்சலை மீட்டாயிற்று. மீட்புக்குக் கொடுத்திருந்த ஃபோன் இலக்கம் நல்ல காலத்துக்குப் பழைய தலைவருடையதுதான், அவரும் ஊரில்தான் இருந்தார். பாஸ்வேர்டை இப்போது ஒரு கொப்பியில் எழுதி அலுமாரிக்குள் பூட்டி வைத்திருக்கிறோம். அந்தப் பிள்ளையுடன் நீயே ஒரு தடவை கதைத்துவிடு, உன் வாயால் கேட்டால்தான் அவளுக்கு மனம் ஆறும்.

விழாவுக்கு வருவாயா? வருவதென்றால் முன்கூட்டியே சொல், கிண்ணியாவில் எருமைத் தயிர் சொல்லிவைக்க வேண்டும். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல். போஸ்டரின் பெயரை மாற்றியதும் எனக்கு ஒரு வரி போடு, நான் வாசிகசாலைக்குப் போய்ப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்