பந்தல்குடி வாய்க்காலை யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

2024 அக்டோபர் மழையில் மதுரை செல்லூர் கண்மாய்த் தண்ணீர் தெருத் தெருவாக வந்ததை நாங்கள் இன்னும் மறக்கவில்லை. எங்கள் வீட்டில் கட்டிலுக்கு அடியில் செங்கல் வைத்து, அதன்மேல் அரிசி மூட்டையையும் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களையும் ஏற்றி வைத்தோம். அடுப்படியில் முழங்கால் அளவுக்குச் சாக்கடை கலந்த தண்ணீர்.

கண்மாய் நிறைந்தால் உபரி நீர் பந்தல்குடி வாய்க்கால் வழியாக வைகைக்குப் போக வேண்டும். ஆனால் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் பையும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் எங்கே போகும்? வீட்டுக்குள்தான் வரும். கண்மாய் ஒரு துறையிடம், தெருவின் மழைநீர் வடிகால் இன்னொரு நிர்வாகத்திடம். முறையிடப் போனால் ஒருவர் மற்றவரைக் கை காட்டுகிறார்கள்.

நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று, பகுதி மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் ஏரியா சபையைக் கூட்டுவது நல்ல விஷயம்தான். ஆனால் அதற்குள் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடுகிறது. செப்டம்பரிலேயே ஒரு கூட்டம் வையுங்கள். மடை, உபரி நீர் வழியும் கலுங்கு, வாய்க்கால் எல்லாம் தூர்வாரியாகிவிட்டதா என்று இரண்டு தரப்பு அதிகாரிகளும் மக்கள் முன்னால் பதில் சொல்லட்டும். அப்புறம் கவுன்சிலரும் நாங்களும் வாய்க்கால் கரையோரம் வைகை வரை நடந்தே போய்ப் பார்த்துவிடுகிறோம்.

– ஒரு வாசகர், செல்லூர், மதுரை