ஒன்பதாம் வகுப்புச் செயல்திட்டம் தொடர்பாகப் பெற்றோர்களுக்குக் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக நிறைவடைந்தன. விளையாட்டுப் போட்டிகளிலும் இலக்கிய மன்ற விழாவிலும் நம் மாணவர்கள் பரிசு பெற்றுப் பள்ளிக்குப் பெருமை சேர்த்துள்ளனர். பங்கேற்ற அனைவருக்கும் பாராட்டுகள். குடிநீர்த் தொட்டி சீரமைப்புப் பணியும் முடியும் நிலையில் உள்ளது.

இத்துடன், சமூக அறிவியல் செயல்திட்டம் குறித்துச் சிலவற்றை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். பண்டைய கிரேக்கம் இடம்பெறும் ‘செவ்வியல் உலகம்’ பாடத்தையொட்டி, ‘ஏதென்ஸ் நகர அரசும் அதன் சுற்றுப்புறமும்’ என்ற தலைப்பில் மாதிரி செய்துவருமாறு ஆசிரியர் கூறியிருந்தார். வந்து சேர்ந்தவை பார்வைக்கு மிக அழகாகவே இருந்தன. ஆனால் அவற்றுள் பல ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருந்ததையும், முகப்பில் 8 தூண்கள் இருக்க வேண்டிய பார்த்தெனான் கோயிலுக்கு அவை எல்லாவற்றிலும் 6 தூண்களே இருந்ததையும், ஒன்றின் அடியில் கடையின் விலைச்சீட்டுகூட உரிக்கப்படாமல் இருந்ததையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தூண்களின் எண்ணிக்கையை நான் பெரிதுபடுத்தவில்லை. தலைப்பில் இருந்த சுற்றுப்புறம் மாதிரிகளில் காணாமல் போனதே என் கவலை. குன்றின்மேல் நிற்கும் கோயில் மட்டும் ஏதென்ஸ் ஆகிவிடாது. அட்டிகா நிலப்பகுதி முழுவதும் சேர்ந்ததே அந்த அரசு. கோயிலின் பளிங்கு பென்டெலிகான் மலையிலிருந்து வந்தது. தெற்கே லாரியம் சுரங்கங்களில் அடிமைகள் வெட்டியெடுத்த வெள்ளியைக் கொண்டு, ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டாக்ளிஸின் யோசனைப்படி கட்டப்பட்ட போர்க்கப்பல்கள்தாம் கி.மு. 480இல் சலாமிஸ் தீவருகே நடந்த கடற்போரில் பாரசீகரை முறியடித்தன. நகரையும் பிரேயஸ் துறைமுகத்தையும் இணைத்த, சுமார் 6 கி.மீ. நீளமுள்ள மதில்கள் இல்லாதிருந்தால், கி.மு. 431இல் தொடங்கிய போரில் எதிரி நகர அரசான ஸ்பார்ட்டாவின் படை வயல்களை அழித்தபோது, ஊர்களை விட்டு நகருக்குள் தஞ்சம் புகுந்த மக்களுக்குக் கப்பலில் வந்த தானியம் கிடைத்திருக்காது. இந்தத் துறைமுகம் எங்கே என்று ஆசிரியர் கேட்டபோது, மாதிரியைச் சுமந்து வந்த பிள்ளைகள் பலர் விழித்தனர்.

ஒரு மாணவி பழைய அட்டைப்பெட்டியின் மேல் தீக்குச்சிகளால் மதில்களையும், சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாளால் லாரியத்தையும் அமைத்திருந்தார். கோயில் சற்றுச் சாய்ந்துதான் இருந்தது. கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வந்தது.

ஆகவே தெளிவாகவே தெரிவித்துவிடுகிறேன். கடையில் வாங்கிய மாதிரிகளுக்கும், பெரியவர்கள் செய்துகொடுத்தவற்றுக்கும் இனி வளரறி மதிப்பீட்டில் மதிப்பெண் வழங்கப்படாது. இதில் யாருக்கும் விலக்கு இல்லை; சிபாரிசுடன் வந்து ஆசிரியரைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

இம்முறை எவருடைய மதிப்பெண்ணும் குறைக்கப்படவில்லை. அடுத்த வாரப் பாடவேளைகளில் மாணவர்கள் குழுக்களாகச் சேர்ந்து வகுப்பறையிலேயே அட்டிகாவின் மாதிரியைச் செய்வார்கள். பழைய அட்டை, பசை, கொஞ்சம் களிமண் கொடுத்தனுப்பினால் போதும். புதிதாக எதையும் வாங்க வேண்டாம்.

வேலை முடிந்து களைத்து வந்த பிறகும், பிள்ளையின் மதிப்பெண் குறைந்துவிடக் கூடாதே என்று இரவில் உட்கார்ந்து தெர்மாகோல் வெட்டியவர்களும் உங்களில் உண்டு என்பதை அறிவேன். அந்த அக்கறைக்கும், இதுவரை பள்ளிக்கு அளித்துவரும் ஒத்துழைப்புக்கும் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்