உகந்தைக்குப் படகில் போகும் மகனுக்கு

அன்பான மகனுக்கு,

நீ அனுப்பிய குரல் பதிவை அப்பாவும் நானும் திரும்பத் திரும்பக் கேட்டோம். புதுப் படகை லொறியில் அறுகம்பைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கடலால் கிழக்குக் கரையோரமாகப் பாணமையைத் தாண்டி உகந்தை வரைக்கும் மீன் பிடிக்கப் போகப் போகிறாய். சிநேகிதர் மூன்று பேர் கூட வருகிறார்கள், மூன்று இரவு தங்கல். எந்தத் தூண்டில், எந்த நரம்பு, அறுக்குளாவுக்கு என்ன, பாரைக்கு என்ன என்று எல்லாம் சொன்னாய். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று கரையில் யாருக்குத் தெரிந்திருக்கும், வராவிட்டால் யார் தேடி வெளிக்கிடுவது என்பது மட்டும் அதில் இல்லை.

போகாதே என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. கடலுக்குப் போகிறவருக்குப் பெண்சாதியாகத் திருக்கோவில் கரையில் இத்தனை காலம் இருந்தவள் நான். கடலில் செய்ய வேண்டியதை அப்பா சொல்லித் தருவார். கரையில் செய்ய வேண்டியது எனக்குத்தான் தெரியும்.

முதலில் மாதம். ஆவணியில் லீவு கிடைக்கும் என்கிறாய். ஏலுமென்றால் பங்குனிக் கடைசிக்கோ சித்திரைக்கோ மாற்று. வடகிழக்கு வாடைக் காற்று ஓய்ந்து தென்மேற்குக் கச்சான் காற்று தொடங்காத அந்த இடைவெளியில்தான் நம் பக்கத்துக் கடல் ஆறுதலாகக் கிடக்கும். சித்திரையில் பின்னேரம் இடி மின்னலோடு மழை வரும், அதற்கு முன் கரைக்கு வந்துவிட வேண்டும். கார்த்திகை, மார்கழியைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம். மட்டக்களப்பை அடித்த 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைப் பார்த்த எவரும் அந்த மாதங்களில் சின்னப் படகை நம்பிப் பிள்ளையை அனுப்ப மாட்டார்.

ஆவணியில்தான் போக வேண்டும் என்றால் கச்சானைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொள். அது தரையிலிருந்து கடல் பக்கம் வீசுகிற காற்று. அதனால் கரையோரத் தண்ணீர் தட்டையாகத் தெரியும். வெளியூர்க்காரர் அதைப் பார்த்துக் கடல் நல்லது என்று நினைப்பார்கள். எஞ்சின் நின்றுபோனால் அதே காற்று உங்களைக் கரைக்குத் தள்ளாது, வெளியே கொண்டுபோகும். மணிக்கு 2 கிலோமீற்றர் இழுபட்டாலும் 12 மணி நேர இரவில் 24 கிலோமீற்றர் போய்விடும். நம் கரைக்கு ஆழம் கிட்டத்திலேயே இருக்கிறது. கொஞ்சம் வெளியே போய்விட்டால் நங்கூரக் கயிறு நிலத்தைத் தொடாது. அதனால் எஞ்சின் நின்ற உடனே முதல் வேலை நங்கூரத்தைப் போடுவது, அப்புறம்தான் எஞ்சினின் மூடியைத் திறப்பது. எல்லோரும் இதைத் தலைகீழாகத்தான் செய்வார்கள், ஏனென்றால் இரண்டு இழுவையில் ஸ்டார்ட் ஆகிவிடும் என்று மனம் சொல்லும். கயிறு ஆழத்தைப் போல் ஐந்து மடங்காவது இருக்கட்டும். நிலம் எட்டாத இடமென்றால் வாளி ஒன்றை நீளக் கயிற்றில் கட்டி முகப்பிலிருந்து இறக்கு. படகு அலைக்கு முகம் கொடுத்து நிற்கும், இழுபடுவதும் குறையும்.

சரி, இப்போது நான் சொல்ல வந்த விஷயம். ஒரு தாள் எடு. படகின் நிறம், நீளம், பதிவு இலக்கம், எஞ்சின், நாலு பேரின் பெயர், அவரவர் வீட்டு நம்பர் எல்லாம் எழுது. எத்தனை மணிக்கு எங்கிருந்து வெளிக்கிடுவது, ஒவ்வொரு நாளும் எந்தப் பாரில் (கடலடிக் கல்லில்) மீன் பிடிப்பது, எந்தக் கரையில் படுப்பது என்றும் எழுது. கடைசியில் இரண்டு நேரம் எழுத வேண்டும். ஒன்று, கரைக்கு வந்துவிடும் நேரம். மற்றது, அதற்குப் பிறகும் சத்தம் இல்லாவிட்டால் நான் தேடச் சொல்லும் நேரம். இந்த இரண்டாவதைப் பலர் பொழுதுபடும் நேரமாக வைப்பார்கள். அது கூடாது. இருட்டில் சின்னப் படகைத் தேடிக் கண்டுபிடிப்பது மிகவும் கஷ்டம், விடியுமட்டும் அது எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று மேலே கணக்குப் பார்த்தோமே. நடுப்பகல் 12 மணிக்குக் கரை, 2 மணிக்குத் தேடல் என்று வை. ஆறு மணிக்குத்தான் பொழுதுபடும், தேடுகிறவர்களுக்கு நாலு மணி நேர வெளிச்சம் கிடைக்கும். அப்பா கடலுக்குப் போன காலம் முழுக்க எங்கள் ஏற்பாடும் இதுதான். அவர் பிந்தினால் நான் அழுதுகொண்டு இருந்ததில்லை. சொன்ன நேரம் வந்ததும் எழும்பிப் போய்ப் பக்கத்துப் படகுக்காரரிடம் சொல்லுவேன்.

நீங்கள் 2 மணிக்குள் பேசாவிட்டால் நான் முதலில் பொத்துவில் மாமாவுக்கு எடுப்பேன், பிறகு பாணமைக் கடற்படை முகாமுக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர நம்பரான 117க்கும். அதனால் திட்டத்தை மாற்றினால் எனக்குச் சொல்லாமல் மாற்றாதே. நல்ல மீன் படுகிறது என்று இன்னும் தெற்கே போய்விட்டால், நாங்கள் உங்களை வெறும் கடலில் தேடிக்கொண்டு நிற்போம். பாணமைக்கு அப்பால் போனை நம்பாதே. சிக்னல் கிடைக்கிற இடத்தைக் கண்டுபிடித்து, காலையும் பின்னேரமும் ஒரு வரி அனுப்பு. கையில் பிடிக்கிற விஎச்எப் ரேடியோ ஒன்று கிடைத்தால் நல்லது, அவசரத்துக்கு 16ஆம் சனல். போனையும் ரோர்ச்சையும் தண்ணீர் புகாத பையில் போட்டு உடம்போடு கட்டு. லைஃப் ஜாக்கெற்றைப் படகின் அடியில் வைக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். நல்லாய் நீந்துகிற பிள்ளைக்கும் இதைத்தான் சொல்லுவேன்.

எண்ணெய்க் கணக்கை நான் அப்பாவோடு இருந்து போட்டேன். அறுகம்பையிலிருந்து உகந்தைக்கு ஏறக்குறைய 30 கிலோமீற்றர். 25 குதிரை வலு இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் முழு வேகத்தில் மணிக்குப் 10 லீற்றரை ஒட்டிக் குடிக்கும். சாமானும் நாலு பேரும் ஏறினால் ஒன்றரை மணி நேரமாவது பிடிக்கும், ஆகப் போக 15, வர 15. கச்சான் காலத்தில் போகும்போது எதிர்காற்று, அதற்கும் சேர். பாருக்குப் பார் மீன் தேடி ஓடுவதுதான் எண்ணெயைக் கூடக் குடிப்பது, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கைத் தொடாமல் வை. பாணமைக்குத் தெற்கே நிரப்பலாம் என்று நினைக்காதே. பெற்றோலில் எஞ்சின் ஒயில் கலக்கும் அளவு 50க்கு 1 என்றால் 20 லீற்றர் பெற்றோலுக்கு ஒயில் 400 மில்லிலீற்றர். கலந்த கானில் அடையாளம் போடு. மாற்றுப் பிளக், ஸ்டார்ட்டர் கயிறு, எண்ணெய் வடி, தண்ணீருக்குள் சுற்றும் எஞ்சின் விசிறி ஒன்று, அதைக் கழற்றும் சாவி எல்லாம் வேண்டும். இவற்றை வீட்டு முற்றத்தில் உன் கையால் ஒரு தடவை கழற்றிப் பூட்டிப் பார்க்க வேண்டும் என்று அப்பா சொல்லச் சொன்னார். துடுப்பு இரண்டு.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லீற்றர். நாலு பேருக்கு நாலு நாளென்றால் 64 லீற்றர், ஒரே கானில் இல்லாமல் பிரித்து வை. சாப்பாட்டைப் பற்றி எழுதத் தேவையில்லை, நீ பார்த்துக்கொள்வாய். ஐஸைப் பற்றி எழுதத்தான் வேண்டும். மீன் ஒரு கிலோவுக்கு ஐஸ் ஒரு கிலோ. சூரை, அறுக்குளா வெயிலில் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் என்ற நஞ்சு ஊறும். பொரித்தாலும் கறியாக்கினாலும் அது போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து உடம்பெல்லாம் அரிக்கும். பிடித்த உடனே குடலை எடுத்து ஐஸுக்குள் வை. ஐஸ் முடிந்தால் தூண்டிலையும் சுருட்டிவிடு, மகன். வீணாகப் போகிற மீனைப் பிடிக்க வேண்டாம்.

உகந்தைக் கரையில் கவனமாக இறங்கு. தெற்கிலிருந்து வரும் பெரிய அலை அந்தப் பக்கத்து முனைகளில் உடையும், கல்லும் உண்டு. வெளியே நின்று அலைக் கூட்டம் எப்படி வருகிறது, எப்போது ஓய்கிறது என்று ஆறுதலாகப் பார். படகைக் குறுக்கே திரும்ப விடாதே. கரையில் வாடி (கொட்டில்) போட்டு மீன் பிடிக்கிறவர்கள் இறங்குகிற இடம் எது என்று கேட்டு அங்கே இறங்குவதுதான் புத்தி. கரைவலை இழுக்கிற இடத்துக்கு முன்னால் நங்கூரம் போடாதே, அது ஒரு நாள் முழுக்கக் கயிறு இழுக்கிறவர்களின் சோறு. முதல் மீனில் அவர்களுக்கும் கொடு.

அதற்குத் தெற்கே குமண தேசிய வனம் தொடங்குகிறது. அனுமதி இல்லாமல் அந்தக் கரையில் இறங்குவதும் படுப்பதும் குற்றம். யானையும் சிறுத்தையும் கரைக்கு வரும், களப்பு வாய்களில் முதலை கிடக்கும். ஆமை தூண்டிலில் பட்டால் மெல்லக் கழற்றிவிடு. உகந்தை முருகன் கோயிலடியில் படுக்கலாம் என்றாய். கதிர்காமப் பாதயாத்திரைக் காலமென்றால் அங்கே சனம் நிறைந்திருக்கும், முன்கூட்டியே விசாரி. கோயில் வளவுக்குள் மீன் கொண்டுபோகாதே.

லொறிக்குக் காசு கட்ட முதல் அந்தத் தாளை எழுதிப் படம் பிடித்து எனக்கும் மாமாவுக்கும் அனுப்பு. மற்ற மூன்று பிள்ளைகளின் அம்மாமாருக்கும் ஒன்று கொடு, அவர்களோடு நான் கதைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அப்பாவுக்கு எடு, எஞ்சினைப் பற்றிக் கதைக்க அவர் காத்துக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
அம்மா