பெட்டி கொடுத்தவன் எப்போது கடன் கொடுத்தவன் ஆனேன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் திருப்பூரில் 22 வருடமாக அட்டைப்பெட்டி போடுகிறவன். பனியன் ஏற்றுமதிக்குப் போகும் பெட்டிகள், அஞ்சு பிளை, ஏழு பிளை. உங்கள் நாளிதழ் எங்கள் வீட்டுக்கு அப்பா காலத்திலிருந்து வருகிறது. ஆனால் ஆசிரியருக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. உங்கள் உள்பக்கங்களில் அவ்வப்போது வருகிற ஒரு கட்டம் கட்டிய விளம்பரம்தான் எழுத வைத்தது.

'படிவம் ஏ, பொது அறிவிப்பு' என்று தலைப்பு இருக்கும். எறும்பு ஊர்ந்தது போல எழுத்து. ஒரு கம்பெனியின் பெயர், பதிவு எண், இடைக்காலத் தீர்வாளர் (கம்பெனியைக் கையில் எடுத்துப் பாக்கிக் கணக்குகளைச் சரிபார்ப்பவர்) என்று ஒருவர் பெயர், கடைசித் தேதி. ஒரு கம்பெனி கடனைக் கட்ட முடியாமல் சென்னையில் இருக்கும் தேசியக் கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தில் திவால் நடவடிக்கைக்குள் போனால், மூன்று நாளுக்குள் ஓர் ஆங்கிலப் பத்திரிகையிலும் ஒரு வட்டார மொழிப் பத்திரிகையிலும் இப்படி அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பது விதி. யாருக்கெல்லாம் பாக்கி இருக்கிறதோ அவர்கள் 14 நாளுக்குள் கணக்கைக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் வாங்கிக்கொள்வார்கள், அதற்கும் ஒரு கெடு உண்டு.

எனக்கு 23 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் தரவேண்டிய கார்மெண்ட்ஸ் கம்பெனியின் அறிவிப்பும் உங்கள் நாளிதழில்தான் வந்திருக்கிறது. அன்றைக்கு நானும் பேப்பர் படித்தேன். கண்ணில் படவில்லை. பட்டிருந்தாலும் புரிந்திருக்காது. 'செயல்பாட்டுக் கடன் வழங்குநர்கள் தங்கள் உரிமைகோரல்களைச் சமர்ப்பிக்க' என்று போட்டிருந்தது. நான் யாருக்கும் கடன் கொடுக்கவில்லையே, பெட்டிதானே கொடுத்தேன்! அந்த வழங்குநர் நான்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பதினோராவது நாள், சாயப்பட்டறை வைத்திருக்கும் ஒரு டையிங்காரர் அந்த விளம்பரத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். "ஏனுங்கண்ணா, இது நம்ம பார்ட்டிதானுங்களே?" என்று கீழே ஒரு வரி. மூன்று நாள் மிச்சம்.

எங்கள் அப்பா காலத்தில் ஒருவர் நொடித்துப்போனால் வீட்டுக்கே தபால் வரும். மஞ்சள் கடுதாசி என்போம். 'அவர் ஐ.பி. (திவால் மனு) கொடுத்துட்டாராம்' என்றால் ஊருக்கே விஷயம் புரியும். தனி ஆட்களுக்கு இன்றைக்கும் அந்த 1920-ஆம் வருடச் சட்டம்தான். சப் கோர்ட்டில் மனுப் போடுவார்கள், அங்கே தோற்றால் 30 நாளுக்குள் ஜில்லா கோர்ட்டில் அப்பீல். நாள் தவறினால் காரணம் சொல்லித் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம், அதற்கு இத்தனை நாள்தான் என்று உச்சவரம்பு கிடையாது. எங்கள் குடும்ப வக்கீல் அந்தப் பழக்கத்தில் ஊறியவர். நிலத் தகராறு, வாடகை, செக் கேஸ் எதுவானாலும் அவர்தான். என் தங்கை கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து பந்தியில் நின்றவர். அவர் மீது இன்றும் எனக்கு மரியாதை உண்டு, கோபம் இல்லை. ஆனால் கம்பெனிகளுக்கு 2016-இல் வந்த திவால் சட்டம் வேறு ஊர், வேறு வண்டி என்பது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

"செக் கேஸ் போட்டிருக்கோம், பயப்படாதீங்க" என்றார் முதலில். திவால் நடவடிக்கை தொடங்கியதும் தடைக்காலம் என்று ஒன்று வந்துவிடும், கம்பெனி மீதான செக் கேஸும் அதில் நின்றுபோகும் என்று உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சிலேயே சொல்லிவிட்டது. செக்கில் கையெழுத்துப் போட்ட இயக்குநர்கள் மீது வழக்கு நடக்கலாம். நாங்கள் கம்பெனியைத் துரத்திக்கொண்டிருந்தோம்.

சரி, பாக்கியைக் கேட்டுத் தீர்வாளருக்கு அனுப்ப வேண்டிய படிவத்துக்கு வருகிறேன். பில்கள் 31. அவற்றை மட்டும் வைத்து, மூன்றாம் நாள் இரவு படிவத்தை அனுப்பினோம். டெலிவரி சலானில் அவர்கள் குடோன் ஆள் போட்ட கையெழுத்து, இ-வே பில், பாக்கி இவ்வளவு என்று அவர்கள் அக்கவுண்டண்ட் அனுப்பிய மெயில் எல்லாம் என் பீரோவில் தூங்கின. "கேட்டா அப்புறம் குடுத்துக்கலாம்" என்றார் வக்கீல். சிவில் கோர்ட் பழக்கம்.

தீர்வாளர் 9,15,000 ரூபாயை ஏற்றுக்கொண்டார். மீதி 14,25,000-ஐத் தள்ளிவிட்டார். கம்பெனி கணக்குப் புத்தகத்தில் என் பெயரில் ஒரு டெபிட் நோட் இருந்ததாம். பெட்டிகளின் பர்ஸ்டிங் ஸ்ட்ரென்த் (கிழியாமல் அழுத்தம் தாங்கும் பலம்) குறைவு, அதனால் பிடித்தம் என்று. கம்பெனி ஷட்டர் இறங்குவதற்கு ஒரு வாரம் முந்தைய தேதி. அந்தக் காகிதத்தை நான் கண்ணால் கண்டதில்லை. தீர்ப்பாயத்தில் மனுப் போட்டோம். ஆறு வாய்தாவுக்குப் பிறகு தள்ளுபடி. உத்தரவு சொன்ன அன்று வக்கீல் வீடியோவில் ஆஜராகியிருந்தார், நான் மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"காப்பி வரட்டும், அப்பீல் போட்டுக்கலாம்" என்றார். தீர்ப்பாயமே இலவசமாக ஒரு நகல் அனுப்பும். அது 37-ஆம் நாள் வந்தது. அதிலிருந்து 30 நாள் எண்ணி, நிதானமாக எழுதி, 58-ஆம் நாள் சென்னை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் போட்டோம். உத்தரவு தேதியிலிருந்து எண்ணினால் வரும் 28 நாள் தாமதத்தை மன்னிக்க ஒரு மனுவும் சேர்த்து.

விசாரணைக்கு நான் சேரன் எக்ஸ்பிரஸில் போயிருந்தேன். புதுச் சட்டை. எங்கள் கேஸ் நாலு நிமிடம் கூட நடக்கவில்லை. இந்தச் சட்டத்தில் அப்பீலுக்கு 30 நாள், தக்க காரணம் இருந்தால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் ஒரு நாளைக்கூட மன்னிக்க அந்த அமர்வுக்கு அதிகாரம் கிடையாது. நாளை எண்ணுவது நகல் கைக்கு வந்த தேதியிலிருந்து அல்ல, உத்தரவு சொன்ன தேதியிலிருந்து. சான்றிட்ட நகலுக்கு உடனே விண்ணப்பித்திருந்தால் அது தயாராக எடுத்த நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். நாங்கள் விண்ணப்பிக்கவே இல்லை. இலவச நகலுக்காகக் காத்திருந்தவனுக்குக் கழிவு கிடையாது. அமர்வில் இருந்தவர் கோபமே இல்லாமல், கொஞ்சம் வருத்தமாகக்கூட, இதைச் சொன்னார். பெட்டியின் தரம் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

இதெல்லாம் 2021 அக்டோபரிலேயே எஸ்.கே.எஸ். இஸ்பாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னதுதான் என்று அப்புறம் தெரிந்தது. அந்த வழக்கும் சென்னைத் தீர்ப்பாயத்தில் தொடங்கியதுதான். உத்தரவு சொன்னது 2019 டிசம்பர் 31, இணையத்தில் ஏறியது 2020 மார்ச் 12. அதிலேயே காலம் கடந்துவிட்டது என்று தள்ளினார்கள் என்றால் என் 37 நாள் எம்மாத்திரம்? பிறகு 2023 டிசம்பரில் வேறொரு வழக்கில், அன்றைக்கு உத்தரவை வாசித்தே சொல்லவில்லை என்றால் இணையத்தில் ஏறிய நாளிலிருந்து எண்ணலாம் என்று கொஞ்சம் வழி விட்டிருக்கிறார்கள். என் கேஸில் வாசித்துச் சொல்லிவிட்டார்கள்.

திரும்பும் முன், எங்கள் ஆடிட்டர் கைகாட்டிய ஒரு வக்கீலைப் பார்த்தேன். திவால் வழக்கும் அப்பீலும் மட்டுமே நடத்துகிறவர். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று தெரிந்தே போனேன். 5,000 ரூபாய் கட்டி அரை மணி நேரம் உட்கார்ந்தேன். அந்த அரை மணி நேரத்தைத்தான் உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல நினைத்தேன்.

அவர் கேட்ட முதல் கேள்வி, "ஆர்டர் என்னைக்கு? சர்டிஃபைட் காப்பிக்கு என்னைக்கு அப்ளை பண்ணீங்க?" வழக்கு எதைப் பற்றியது என்பதே மூன்றாவது கேள்விதான். கட்டைப் புரட்டிவிட்டு, "உங்க பில்லுக்கெல்லாம் அந்தக் கம்பெனி ஜி.எஸ்.டி. இன்புட் முழுசா எடுத்திருக்காங்களா?" என்றார். என் பில்லில் இருந்த வரியைத் தங்கள் வரியில் கழித்துக்கொள்வதுதான் அது. எடுத்திருந்தார்கள். "டெபிட் நோட்டை ஒத்துக்கிட்டு நீங்க கிரெடிட் நோட் போடலை. அவங்களும் அந்த வரியைத் திருப்பிக் கட்டலை. அப்ப சரக்கு மட்டம்னு அவங்களே அன்னைக்கு நம்பலைன்னுதானே அர்த்தம்?" எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. 22 வருடமாக வரி கட்டுகிறவன், எனக்கே தோன்றவில்லை. வராத காசுக்கும் சேர்த்துத்தான் வரி கட்டியிருக்கிறேன் என்பது தனிக் கதை.

"இதை இங்கே அப்பீலில் சொல்லியிருக்கலாமா?" என்றேன். "கீழே வைக்காத காகிதத்தை மேலே நீட்டினா, அங்கேயே ஏன் வைக்கலைன்னு கேட்பாங்க. அப்பீல் அந்தப் படிவத்தை நிரப்புற அன்னைக்கே ஆரம்பிச்சிடுதுங்க" என்றார்.

அப்புறம் அவர் சொன்னது எனக்கு இன்னும் ஆச்சரியம். "நாள் இருந்து வந்திருந்தாக்கூட, அப்பீல் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்." ஒரு வெள்ளைத் தாளில் வரிசை போட்டார். கம்பெனி கலைப்புக்குப் போனால், அதாவது சொத்தை விற்றுப் பங்கிட்டால், முதலில் இந்த நடவடிக்கையின் செலவு. அப்புறம் 24 மாதத் தொழிலாளர் சம்பளமும், அடமானம் வாங்கிய வங்கிகளும். பிறகு மற்ற ஊழியர்கள், அடமானமில்லாமல் கடன் கொடுத்தவர்கள், அரசாங்கத்தின் பாக்கி. அதற்கும் கீழே ஒரு கோடு போட்டு, "இது நீங்க" என்றார். எங்களுக்குக் கீழே பங்குதாரர்கள் மட்டும்தான். முழு 23 லட்சத்தையும் ஏற்றுக்கொண்டாலும் கைக்கு என்ன வரும் என்று பார்த்துவிட்டு அல்லவா செலவு செய்ய வேண்டும்! அப்பீலுக்கு நான் அதற்குள் 1,60,000 ரூபாய் செலவு செய்திருந்தேன். கேஸ் வேண்டாம் என்று சொல்லும் வக்கீலுக்கும் அனுபவம் வேண்டியிருக்கிறது.

இப்படிப்பட்டவரை எங்கே தேடுவது என்பதுதான் சிக்கல். நம் நாட்டில் வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது. இணையதளங்கள் வக்கீல்களுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதையும் 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்து, பார் கவுன்சிலை நடவடிக்கை எடுக்கச் சொல்லியிருக்கிறது. அது சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன், பனியன் விற்பது போல வக்கீல் தொழிலை விற்க முடியாது. ஆனால் அப்புறம் எங்களுக்கு மிஞ்சுவது டீக்கடையும் சொந்தக்காரனும்தான். நான் கண்டுபிடித்த ஒரு வழி இருக்கிறது. இரண்டு தீர்ப்பாயங்களின் உத்தரவுகளும் இணையத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் யார் யாருக்காக ஆஜரானார்கள் என்று பெயர் இருக்கும். நம்மைப் போன்ற சப்ளையர் தரப்பில் நின்று வாதாடிய பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். என் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து ஆறு பெயர் எடுத்துக் கொடுத்தாள். ஆடிட்டர் சொன்னவர் அதில் இரண்டாவது. குடும்ப வக்கீலை விட்டுவிடச் சொல்லவில்லை. இப்போதும் என் கட்டிட வாடகைத் தகராறு அவரிடம்தான் இருக்கிறது. அவரையே கூட அழைத்துக்கொண்டு போய் இன்னொருவரிடம் உட்காரலாம், தவறில்லை. நான் கேட்கக் கூச்சப்பட்டேன்.

இன்னொன்று. ஒரு கோடி ரூபாய்க்குக் குறைவான பாக்கிக்கு இந்தச் சட்டத்தில் நாமாகப் போய் மனுப் போட முடியாது. 2020 மார்ச் வரை அது ஒரு லட்சமாக இருந்தது. ஆகையால் என்னைப் போன்ற 10 லட்சம், 20 லட்சம் ஆட்கள் எப்போதும் வேறு யாரோ தொடங்கிய வழக்கில் பாதியில் போய் ஏறுகிறவர்கள்தான். வண்டி எப்போது கிளம்பியது என்று எங்களுக்குத் தெரிகிற ஒரே இடம் உங்கள் விளம்பரப் பக்கம்.

அதனால் உங்களிடம் ஒரு விண்ணப்பம். அந்த அறிவிப்பின் வாசகத்தை நீங்கள் மாற்ற முடியாது, தெரியும். ஆனால் வாரத்தில் ஒரு நாள், வணிகப் பக்கத்தின் ஓரத்தில், அந்த வாரம் அறிவிப்பு வந்த கம்பெனிகளின் பெயர், ஊர், கடைசித் தேதி இவற்றை மட்டும் படிக்கிற அளவு எழுத்தில் போட முடியுமா? கூடவே, 'இந்தக் கம்பெனிக்குச் சரக்கு கொடுத்துப் பணம் வராதவர்கள்' என்று ஒரு வரி. 'செயல்பாட்டுக் கடன் வழங்குநர்' வேண்டாம்.

இயக்குநர்கள் மீதான செக் கேஸ் அடுத்த மாதம் 14-ஆம் தேதிக்குப் போட்டிருக்கிறார்கள். பீரோவில் இருந்த சலான்களை எல்லாம் இந்தத் தடவை வரிசையாக அடுக்கி நம்பர் போட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அட்டைப்பெட்டி உற்பத்தியாளர் ஒருவர்,
திருப்பூர்.
(பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)