நாட்டியம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பரதநாட்டிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நானும் உங்களில் ஒருத்திதான். 18 வருடங்களாக வீட்டு மாடியில் வகுப்பு எடுக்கிறேன்.

போன வருடம் எட்டு வயதுப் பிள்ளை ஒருத்தி வந்து சேர்ந்தாள். முன்பு படித்த இடத்தில் இவளுக்கு நாட்டியம் வராது என்று அனுப்பிவிட்டார்களாம். நாட்டடவு என்ற அடவை, அதாவது காலை நீட்டி ஊன்றும் அடிப்படை அசைவை, ஆடச் சொன்னேன். எதிரே நின்று நான் வலது காலை நீட்டினால் அவளுக்கு இடது கால் போனது. காலைத் திருத்தினால் கை தவறும், கையைத் திருத்தினால் முழங்காலை மடக்கி அரையாக உட்காரும் அரைமண்டி கலைந்துவிடும். எப்போது திட்டு விழுமோ என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரி, ஆட வேண்டாம், உட்காரம்மா என்றேன். இருவரும் தரையில் உட்கார்ந்து தாளம் போட்டு 'தை யும் தத்த தை யும் தா' என்ற அந்த அடவின் சொல்லைச் சொன்னோம். மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், வாயில் சொல் தடங்கல் இல்லாமல் வந்த பிறகுதான் எழுந்தோம். இந்தத் தடவை நான் எதிரே நிற்கவில்லை. அவளுக்கு முதுகைக் காட்டி, அவள் பார்க்கும் திசையிலேயே நின்றேன். மூன்றாவது வகுப்பில் கால் பக்கவாட்டில் நீண்டு, குதிகால் சொல்லோடு சேர்ந்து தரையில் ஊன்றியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவளுக்குக் காது வழியாக வந்தது. இன்னொரு பிள்ளை பார்த்த மாத்திரத்தில் பிடித்துக்கொள்ளும். 'உட்கார், உட்கார்' என்று நூறு தடவை கத்தியும் அரைமண்டி வராத பிள்ளைக்கு, முட்டியை அல்ல, இடுப்பிலிருந்து தொடையைத் திருப்ப வேண்டும் என்று நிதானமாக விளக்கினால் வந்துவிடுகிறது.

இப்படிப் பிள்ளைக்குப் பிள்ளை வழியை மாற்றிச் சொல்லிக்கொடுத்தால் பாணி கெட்டுவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். பந்தநல்லூரோ வழுவூரோ கலாக்ஷேத்ராவோ, அடவின் வடிவத்தில் நான் கை வைக்கச் சொல்லவில்லை. குரு கந்தப்ப பிள்ளையிடம் கற்ற நாட்டிய மேதை பாலசரஸ்வதிக்கு, தாயார் ஜெயம்மாளின் பாட்டும் பாடமாக இருந்தது. ஒரு கலைஞருக்குள் நாட்டியம் இறங்க ஒரு வாசல்தான் உண்டு என்று யார் சொன்னது?

உங்களிடம் கேட்பது இரண்டுதான். ஒரு பிள்ளையை வராது என்று அனுப்பும் முன் வேறு இரண்டு வழிகளிலாவது சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். அப்புறம், பயிற்சிப் பட்டறை நடத்தும் சபாக்களும் சங்கங்களும் புது வர்ணம், புது தில்லானாவோடு நிறுத்தாமல், எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதற்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். தாளம் தட்டும் தட்டுக்கழி, தட்டுமனை என்ற மரக்கட்டைக்கு மட்டும்தான். பிள்ளையின் காலுக்கு இல்லை.

அந்த எட்டு வயதுப் பிள்ளை இப்போது திஸ்ர அலாரிப்பு என்ற தொடக்க உருப்படியைப் பழகுகிறாள். முதலில் தரையில் உட்கார்ந்து சொல்லிப் பார்த்துக்கொள்கிறாள். பிறகுதான் எழுந்து நிற்கிறாள்.

அன்புடன்,
ஒரு நாட்டிய ஆசிரியை